பிர்ச், பூர்ஜம், ‘பிரிச்சு’: இவற்றில் யார் யாருக்கு உறவு?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பிர்ச் என்ற ஆங்கில மரப்பெயர் தமிழிலிருந்து போனது என்று உங்கள் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். அந்த மரத்தின் பட்டை தாள் தாளாகப் பிரிந்து வரும், அதைப் ‘பிரிச்சு’ எடுப்பதால்தான் பிர்ச் என்று பெயர், என்கிறது அந்தச் செய்தி. வடமொழியில் அதே மரத்துக்குப் பூர்ஜம் என்று பெயர் இருப்பதை நீங்களே தேடிக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ‘மூன்றும் ஒன்றுதானா, இல்லை மூன்றும் தற்செயலா?’ என்பது கேள்வி. அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இரண்டு சொற்கள் ஒரே மாதிரி ஒலித்தால், அது உறவா தற்செயலா என்று எதை வைத்துச் சொல்வது? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒப்பியல் மொழியியல் படித்து, அதைப் பல வருடம் பாடமாகவும் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிர்ச்சும் பூர்ஜமும் உறவு. சந்தேகமே வேண்டாம், கூடப்பிறந்த சொற்கள். ‘பிரிச்சு’ அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. கேட்டால் பிரிச்சுதான் பிர்ச்சுக்கு நெருக்கமாக இருக்கிறது, பூர்ஜம் தள்ளி நிற்கிறது. அப்படியிருந்தும் உறவு நேர்மாறாக இருப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அந்த ‘ச்’. ஆங்கிலத்தின் உடன்பிறந்த மொழிகளில் இந்த மரத்தின் பெயரைக் கேளுங்கள். ஜெர்மனில் பிர்க்கெ, டச்சில் பெர்க், டேனிஷில் பிர்க். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் இன்றும் பிர்க் என்பார்கள். எல்லா இடத்திலும் ககரம். தெற்கு ஆங்கிலத்தில் மட்டும் இகரத்தின் பக்கத்தில் நின்ற ககரம் சகரமாகிவிட்டது. இந்த ஒரு சொல்லில் மட்டும் நடந்ததல்ல இது. ஜெர்மனில் கின் என்கிற தாடை ஆங்கிலத்தில் சின், ஜெர்மனில் கேஸெ என்கிற பாலாடைக்கட்டி ஆங்கிலத்தில் சீஸ், ஸ்காட்லாந்தில் கிர்க் என்கிற தேவாலயம் ஆங்கிலத்தில் சர்ச். இதை நம்ப நமக்கு ஐரோப்பாவரை போகவே வேண்டாம். கன்னடத்தில் காதுக்குக் கிவி, தமிழில் செவி. கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு, தமிழில் செம்மை. பழைய கன்னடத்துக் கெய், தமிழில் செய். இகரம், எகரத்துக்கு முன்னால் நின்ற ககரம் தமிழில் சகரமானது, கன்னடத்தில் அப்படியே தங்கியது. ஆங்கிலமும் தமிழும் ஒன்றையொன்று பார்த்து இதைச் செய்யவில்லை. நாக்கு முன்னால் வரும் உயிரொலிக்குத் தயாராகும்போது ககரம் முன்னுக்கு நகர்வது உலகத்தில் பல மொழிகளில் நடப்பதுதான்.

இப்போது நம் ‘பிரிச்சு’ பக்கம் வாருங்கள். அதில் உள்ள ‘ச்ச்’ பழையதா? எழுத்தில் அது பிரித்து. சிரித்து சிரிச்சு ஆனது போல, அடித்து அடிச்சு ஆனது போல, பேச்சில் பிரித்து பிரிச்சு ஆனது. ஆக, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற அந்த ஒரே ஒலி, இரண்டு பக்கமும் பிற்பாடு வந்தது. ஒரு பக்கம் ககரத்திலிருந்து, இன்னொரு பக்கம் தகரத்திலிருந்து. இரண்டையும் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் மிஞ்சுவது பிர்க் ஒரு பக்கம், பிரித்து ஒரு பக்கம். அதோடும் முடியவில்லை. பிர்ச்சில் உள்ள இகரமும் பழையதில்லை. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு எல்லாவற்றுக்கும் தாயான பழைய ஜெர்மானியத்தில் அது எகரம். பின்னொட்டில் இருந்த இகரச் சாயல் முன்னால் ஏறி எகரத்தை இகரமாக்கியது. ஆதி வடிவம் பெர்க் என்பதற்குப் பக்கத்தில் இருக்கும். பெர்க் என்பதையும் பிரி என்பதையும் பக்கத்தில் வைத்தால் பொது என்று சொல்ல அதிகம் இல்லை. உறவுச் சொற்கள் என்றால், பின்னால் போகப் போக நெருங்க வேண்டும். இவை பின்னால் போகப் போக விலகுகின்றன.

தற்செயல் ஒற்றுமை இவ்வளவு துல்லியமாக அமையுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். அமையும். தமிழ் எட்டையும் ஆங்கில எயிட்டையும் பாருங்கள். ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று, பொருளும் ஒன்று. ஆனால் தமிழ் எட்டின் அடிச்சொல் ‘எண்’. அதனால்தான் எண்பது, எண்ணூறு என்கிறோம். ஆங்கில எயிட்டின் உறவினர்கள் ஜெர்மன் அக்ட், லத்தீன் ஆக்டோ, வடமொழி அஷ்ட. இரண்டும் வெவ்வேறு ஊரிலிருந்து கிளம்பி ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். பாரசீகத்தில் ‘கெட்ட’ என்பதற்கு பத் என்று ஒரு சொல் உண்டு. ஆங்கிலத்திலும் அதே பொருளில் பேட் உண்டு. பாரசீகமும் ஆங்கிலமும், வடமொழியும் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியம் என்ற ஒரே பெருங்குடும்பத்து மொழிகளாக இருந்தும்கூட, அந்த இரு சொற்களுக்கும் தொடர்பில்லை.

சரி, பூர்ஜம் மட்டும் எப்படி உறவு? ஒற்றுமை எங்கெல்லாம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பதுதான் வழி. முதல் ஒலியை எடுங்கள். பூர்ஜத்தின் பகரம் சாதாரணப் பகரம் இல்லை. பாரதம் என்ற சொல்லின் முதலில் வடமொழிக்காரர்கள் மூச்சோடு சொல்கிற பகரம். அந்த மூச்சுப் பகரம் வடமொழியில் சொல்லின் முதலில் எங்கே வருகிறதோ, அங்கே ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் வெறும் பகரம் வரும், லத்தீனில் ஃபகரம் வரும். அண்ணன் தம்பிக்கு வடமொழியில் ப்ராத்ரு, ஆங்கிலத்தில் பிரதர், ரஷ்ய மொழியில் ப்ராத், லத்தீனில் ஃப்ராதேர். இப்போது மரம்: வடமொழி பூர்ஜ, ஆங்கிலம் பிர்ச், ரஷ்யம் பெர்யோஸா. முதல் ஒலி வரிசையில் நிற்கிறது.

கடைசி ஒலிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நாம் அன்றாடம் சொல்கிற ஞானம் என்ற சொல் அதை விளக்கிவிடும். அதன் வடமொழி மூலத்தில் முதலில் நிற்பது ஜகரம். ‘அறிதல்’ என்ற அதே வேர் ஆங்கிலத்தில் நோ. இன்று உச்சரிக்காவிட்டாலும் எழுத்தில் முதலில் ககர எழுத்து இருக்கிறது, ஒரு காலத்தில் ‘க்னோ’ என்றே சொன்னார்கள். ரஷ்ய மொழியில் ஸ்னாத், லித்துவேனியனில் ழினோத்தி. (இந்த ழ நம் ழகரம் இல்லை, பிரெஞ்சில் கேட்கும் உரசலொலி.) ஆக வரிசை இது: வடமொழியில் ஜ, ஆங்கிலத்தில் க, ரஷ்யத்தில் மெல்லிய ஸ, லித்துவேனியனில் அந்த உரசலொலி. மரத்துக்குத் திரும்புங்கள். வடமொழி பூர்ஜ, ஆங்கிலக் கிளையில் பிர்க், ரஷ்யம் பெர்யோஸா, லித்துவேனியன் பெர்ழாஸ். ஒவ்வொரு மொழியும் ஞானத்தில் என்ன செய்ததோ அதையேதான் மரத்திலும் செய்திருக்கிறது. ஞானத்துக்கும் மரத்துக்கும் பொருளில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதால்தான் இந்தச் சாட்சிக்கு மதிப்பு.

நடுவில் உள்ள நீண்ட ‘பூர்’ உறுத்துகிறதா? அதற்கும் துணை இருக்கிறது. பூரணம் என்கிறோமே, வடமொழி பூர்ண, அதுவும் ஆங்கில ஃபுல் என்பதும் லித்துவேனியன் பில்னாஸ் என்பதும் ஒரே சொல். உதட்டொலியை அடுத்து ரகரமோ லகரமோ உயிர்போல் நின்று, அதன்பின் ஒரு தொண்டையொலி வந்து மறைந்துபோனால், வடமொழியில் ‘ஊர்’ என்று நீளும். பூர்ணத்தில் நடந்ததுதான் பூர்ஜத்திலும் நடந்தது. இப்படிப்பட்ட ஒழுங்குகளை டேனிஷ் அறிஞர் ராஸ்க் 1818-லும், ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் கிரிம் 1822-லும் அச்சில் வரிசைப்படுத்திக் காட்டினார்கள். குழந்தைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்தான். அன்றிலிருந்து ‘கேட்க ஒரே மாதிரி இருக்கிறது’ என்பது சான்றாக எடுபடவில்லை.

இதுவரை சொன்னதில் எனக்குத் தயக்கம் இல்லை. இனி வருவதில் பாதிக்குத் தயக்கம் உண்டு.

இந்த மரப்பெயர்கள் எல்லாம் கிளைத்த அந்த ஆதிச் சொல்லுக்கு என்ன பொருள்? ‘வெண்மை, ஒளிர்தல்’ என்ற வேரிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஆங்கில பிரைட்டும், ‘ஒளிர்கிறது’ என்னும் வடமொழி ப்ராஜதேயும், ‘வெள்ளை’ என்னும் அல்பேனிய பார்தவும் அதே வேரிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். மரத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும். ஐரோப்பிய பிர்ச்சின் பட்டையில் பெட்டுலின் என்ற வெள்ளைப் பொருள் நிறைந்திருக்கிறது, காட்டில் சுண்ணாம்பு அடித்த தூண் போல நிற்கும். நாமும் அப்படித்தானே பெயர் வைத்திருக்கிறோம்: வெள்வேல், கருவேல், செம்மரம். வெள்வேலின் அறிவியல் பெயரில் உள்ள லூக்கோஃப்ளோயா என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ‘வெள்ளைப் பட்டை’ என்றே பொருள். ஆனாலும் இங்கே ஒரு எச்சரிக்கை. மரப்பெயர்கள் உறவு என்பது நிரூபிக்கப்பட்டது. மரத்துக்கு வெண்மையால் பெயர் வந்தது என்பது நல்ல ஊகம். ஒலிகள் பொருந்துகின்றன, பொருளும் பொருந்துகிறது; ஆனால் அந்தப் பெயரைச் சூட்டிய மக்கள் எழுதி வைத்தது எதுவும் இல்லை. ஆதி வடிவங்களின் முன்னால் நாங்கள் நட்சத்திரக்குறி போடுவது அதற்காகத்தான்: மீட்டெடுத்தது, யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்று பொருள்.

இந்தக் குடும்பத்து மொழியைப் பேசிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தவர்கள் தங்கள் பழைய மரப்பெயர்களில் பெரும்பாலானவற்றைத் தொலைத்துவிட்டார்கள், அல்லது வேறு மரத்துக்கு ஒட்டிவிட்டார்கள். புது நாட்டில் பழைய மரம் இல்லையென்றால் பெயர் என்ன செய்யும்? பூர்ஜம் மட்டும் பொருள் மாறாமல் தப்பியதற்குக் காரணம் இமயமலை. அங்கே, அதற்கு மேல் மரமே வளராது என்கிற உயரத்தின் விளிம்பில் பிர்ச் வளர்கிறது. பூர்ஜ என்பது பிராகிருதத்தில் புஜ்ஜ ஆகி, இந்தியில் போஜ் ஆனது. கங்கோத்ரியிலிருந்து கோமுகம் போகிற நடைவழியில், 3,700 மீட்டருக்கு மேல், போஜ்பாசா என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரே பிர்ச்சுகளின் இருப்பிடம் என்பதுதான். விறகுக்காக வெட்டி வெட்டி, பெயருக்குரிய மரங்கள் அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டன. அந்த வழியில் தரையில் உதிர்ந்து கிடந்த பட்டை ஒன்றை நான் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெளிப்பக்கம் வெளிறிப்போன வெள்ளை, உள்ளே மங்கிய இளஞ்சிவப்பு, குறுக்கே தையல் போட்டது போல் பழுப்புக் கோடுகள். நகத்தால் நெருடினால் வெங்காயத்தோல் மாதிரி ஒரு தாள் கழன்று வரும், அதன் அடியில் இன்னொன்று, அதன் அடியில் இன்னொன்று. ‘பிரிச்சு’ என்று ஒருவருக்குத் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை. கண் பார்த்தது சரி. சொல்லின் வரலாறுதான் வேறு.

அந்தத் தாள்தான் வடக்கின் ஓலை. காளிதாசர் குமாரசம்பவத்தின் முதல் சருக்கத்திலேயே, வித்யாதரப் பெண்கள் பூர்ஜப் பட்டையில் தாதுச் சாந்தால் காதல் கடிதம் எழுதுவதையும், அந்தப் பட்டை யானைத் தோலில் உள்ள புள்ளிகள் போலச் சிவந்திருப்பதையும் சொல்கிறார். கையில் பட்டையை எடுத்துப் பார்த்தவர் எழுதிய வரி அது. ஏறத்தாழ 1030-ல் இந்தியாவைப் பற்றி எழுதிய மத்திய ஆசிய அறிஞர் அல்பிரூனி இன்னும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார்: தெற்கே பனை போன்ற மரத்தின் ஓலையில் எழுதுகிறார்கள், நடு நாட்டிலும் வடக்கிலும் பூர்ஜம் என்கிற மரப்பட்டைக்கு எண்ணெய் தடவி, மெருகேற்றி, அதில் எழுதுகிறார்கள் என்று. 1881-ல் பெஷாவர் பக்கம் பக்‌ஷாலி என்ற ஊரில் மண்ணிலிருந்து கிடைத்த கணக்குச் சுவடி, புள்ளியாகப் பூச்சியம் எழுதப்பட்ட சுவடி, 70 பூர்ஜத் தாள்களால் ஆனது. இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அதே பட்டை இன்னொரு கோடியில் ரஷ்யாவில். 1951 ஜூலையில் நோவ்கொரோத் நகரில் அகழாய்வு செய்தபோது பிர்ச் பட்டையில் கீறிய கடிதம் ஒன்று கிடைத்தது. பிறகு ஆயிரத்துக்கும் மேல் கிடைத்துவிட்டன. கடன், கல்யாணம், வழக்கு, வீட்டுச் சாமான் என்று சாதாரண மனிதர்கள் எழுதியவை. 13-ஆம் நூற்றாண்டில் ஓன்ஃபிம் என்ற சிறுவன் எழுத்துப் பழகிக்கொண்டே இடையில் குதிரைவீரன் படம் கீறிவைத்த பட்டைகளும் அவற்றில் உண்டு. பட்டைக்கு ரஷ்யச் சொல் பெரெஸ்தா. அதுவும் இதே வேர்தான். காஷ்மீரத்துப் பண்டிதரும் நோவ்கொரோத்துப் பையனும் ஒரே பொருளில் எழுதினார்கள், அதை ஒரே சொல்லின் இரண்டு வடிவங்களால் அழைத்தார்கள். ஒருவருக்கொருவர் இருப்பதே தெரியாது.

லத்தீன் பக்கம் போனால் கதை குழம்புகிறது. விதிப்படி ஃபகரத்தில் தொடங்கும் சொல் வர வேண்டும். ஃப்ராக்ஸினுஸ் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது வேறு மரம், ஆங்கிலத்தில் ஆஷ் என்பார்கள். இத்தாலியின் வெப்பத்தில் பிர்ச் அரிது என்பதால் பெயர் பக்கத்து மரத்துக்குத் தாவியது என்று விளக்குகிறார்கள். நான் இதை ‘ஒருவேளை’ வரிசையில்தான் வைப்பேன். பொருள் மாறிய சொல்லில் ஒலி மட்டும் பொருந்தினால் போதாது. பிர்ச்சுக்கு லத்தீனில் உள்ள பெட்டுல்லா, ‘கால்’ (Gaul) நாட்டுக்காரர்களிடம், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியின் பழைய மக்களிடம், கடன் வாங்கியது. ரோமானிய எழுத்தாளர் பிளினியே அதைக் ‘கால்’ நாட்டு மரம் என்கிறார். வேல்ஸ் மொழி பெத்வ், ஐரிஷ் பெஹ் அதன் உறவுகள். தாவரவியலில் பூர்ஜ மரத்தின் பெயர் பெட்டுலா யூட்டிலிஸ். இந்தப் பெட்டுலாவும் பகரத்தில் தொடங்குவதால் பிர்ச்சின் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு வேர். பிசின் என்ற பொருளுடைய வேராகலாம், அரக்கைக் குறிக்கும் வடமொழி ஜது அதன் உறவு என்று ஒரு கருத்து உண்டு. பிர்ச் பட்டையைச் சுட்டுப் பிசின் எடுத்து ஒட்டுவது மிகப் பழைய தொழில். 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 வருடத்துக்கும் முந்தைய ஓட்ஸி என்ற மனிதரின் அம்புகளில் முனையை ஒட்டியிருப்பது இந்தப் பிசின்தான்.

ஊர்ப் பெயர்களிலும் இந்தச் சொல் பதிந்திருக்கிறது. இங்கிலாந்தின் பெர்க்லி என்ற ஊருக்கு ‘பிர்ச் வெளி’ என்று பொருள். அது குடும்பப் பெயராகி, ஒரு தத்துவவாதியின் பெயராகி, அவர் நினைவாக 1866-ல் கலிஃபோர்னியாவில் ஒரு நகரத்துக்குப் போனது. தமிழ் செம்மொழி என்று 2000-ல் அறிக்கை எழுதிய ஜார்ஜ் ஹார்ட் பாடம் நடத்தியது அந்தப் பெர்க்லியில்தான். இன்னொரு ஊர்ப் பெயரை மனம் கனக்காமல் எழுத முடியவில்லை. போலந்தில் ப்ஷெஸிங்கா என்று ஒரு கிராமம். பிர்ச் தோப்பு என்று பொருள். ஜெர்மானியர்கள் அதைத் தங்கள் மொழியில் பிர்க்கெனாவ் என்றார்கள். அதுவும் பிர்ச்சுதான். நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸின் பெரிய கொலைமுகாம் அங்கே இருந்தது. கொன்றவர் மொழியிலும் அந்த மண்ணின் மொழியிலும் ஒரே வேரிலிருந்து வந்த பெயர்.

இந்த மரப்பெயரை வைத்து, இந்த மொழிகளுக்கெல்லாம் மூலமான மொழியைப் பேசிய ஆதி மக்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். இதை மட்டும் வைத்து முடியாது. ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பிர்ச் வளர்கிறது. ‘பிர்ச் தெரிந்த, குளிர் நாட்டு மக்கள்’ என்பதற்கு மேல் அந்தச் சொல் சாட்சி சொல்லாது.

உங்கள் மாமாவுக்கு வருத்தம் வேண்டாம். நம் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன மரப்பெயர் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது: தேக்கு. மேற்குக் கடற்கரையில் மலையாளத்துத் தேக்கைப் போர்த்துக்கீசியர் தெக்கா என்று எடுத்துக்கொண்டு போக, அது ஆங்கிலத்தில் டீக் ஆனது. தமிழிலும் அது தேக்குதான். எந்த மொழி யாரிடம் வாங்கியது, எந்த வழியாக என்பதெல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. பிர்ச்சுக்குப் பதிலாக அதைப் பகிரச் சொல்லுங்கள்.

கடைசியாக, தமிழில் எப்படி எழுதுவது என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். சோவியத் புத்தகங்களின் தமிழாக்கங்கள் வழியாகப் பிர்ச் மரம் என்பது பலருக்குப் பழகிவிட்டது. நாட்டு மருந்துக் கடையில் பூர்ஜபத்திரம் என்று கேட்டால் பட்டையை எடுத்துக் கொடுப்பார்கள். ரஷ்யக் காட்டைப் பற்றி எழுதினால் பிர்ச் என்றும், இமயமலையைப் பற்றி எழுதினால் பூர்ஜம் என்றும் எழுதுவதுதான் என் வழக்கம். இரண்டும் கலந்து வருகிற கட்டுரையாக இருந்தால், முதல் இடத்தில் ‘பிர்ச், அதாவது பூர்ஜம்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பிறகு பிர்ச் என்றே கொண்டுபோங்கள்.